ரம்பத்தோடு வந்த கட்டை

தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். கழுத்தில் ரோஜா மாலை இருந்தது. கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள், அதை ஜன்னல் மேல் வைத்துவிட்டார். அதையெல்லாம் பார்க்கச் சொல்லவில்லை.

"எண்ணிப் பாரு," என்றார். "பத்தும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எங்க செக்‌ஷன்ல இத மாதிரி வெளிய வந்தவன் எத்தினி பேரு, கேட்டுப் பாரு."

கேட்கவே வேண்டாம், எனக்குத் தெரியும். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தில் மரத்தில் ஓர் அச்சு செய்வார்கள். அந்தப் பிரிவில்தான் அவருக்கு வேலை. சுற்றிலும் ரம்பங்கள், இழைப்பு மெஷின்கள். அவருடைய கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால், காபி டம்ளரை அவர்கள் பிடிக்கிற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிடும். ஒருவருக்கு ஆள்காட்டி விரல் பாதியில் நிற்கும். இன்னொருவர் கைகூப்பி வணக்கம் சொல்லும்போது ஒரு கை மற்றதைவிடக் குட்டையாக இருக்கும். நான் பார்க்காதவள் போலப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவர் சைக்கிளை நிறுத்தும்போது முதலில் கேரியரைப் பார்க்க மாட்டேன், ஹேண்டில் பாரைத்தான் பார்ப்பேன். கல்யாணமாகி வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம்.

அன்றோடு அந்தப் பயம் முடிந்தது என்று நினைத்தேன். மாலையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

அந்த வருஷங்களில் பெங்களூரில் பெரிய தொழிற்சாலைகளெல்லாம் ஆட்களைத் தாங்களாகவே விலகிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் வி.ஆர்.எஸ். என்கிற வார்த்தை தெரியாத குழந்தை கிடையாது. விலகி வந்தவர்களில் ஒருவர் ஆட்டோ வாங்கினார். ஒருவர் எஸ்.டி.டி. பூத் வைத்தார். சிலர் பனியனோடு வாசற்படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அப்படி உட்கார வராது. கொல்லைப்புறத்தில் விறகு போட்டிருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்தார். தரையில் சிமெண்ட் போட்டார். சுவரில் உளிகளுக்கு ஒரு பலகை அடித்தார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அத்திபெலேல ஒருத்தன் மர டிப்போவ மூடுறானாம். ரம்ப மெஷின் ஒண்ணு குடுக்கறானாம், மேஜையோட."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "இத்தினி நாளா அதுங்கிட்டத்தானே இருந்தீங்க," என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. எப்போதுமே எனக்கு அவ்வளவுதான் வரும்.

"அங்க ஃபோர்மேன் சொன்ன வேகத்துக்கு ஓட்டணும். இங்க என் வேகம்," என்றார். "நானே முதலாளி, நானே வேலைக்காரன். பயப்படாத."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி, அதாவது அவருடைய அக்கா, "நானும் வரேன்டா," என்றார். அண்ணியின் கணவர் தவறிப்போனதிலிருந்து அவர் எங்களோடுதான் இருந்தார். என்னைப் போல் இல்லை. பஸ் கண்டக்டரிடம்கூட நின்று சண்டை போடுவார். "பழைய சாமான் வாங்கறப்ப பொம்பளைங்க கூட இருக்கணும். அது யார் கையில இருந்துச்சு, எப்பிடி இருந்துச்சுன்னு ஆம்பளைங்க கேக்க மாட்டானுங்க. மோட்டார மட்டும் பாப்பானுங்க. நீயும் கெளம்புடி."

ஓசூர் ரோட்டில் பஸ் போகப் போக வீடுகள் குறைந்து லாரிகள் அதிகமாயின. செக்போஸ்ட் தாண்டி இறங்கி நடந்தோம். டிப்போ என்றால் பெரிய மரக்கிடங்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு மதில், உள்ளே பாதிக்கு மேல் காலியாகிப்போன இடம். மரம் அடுக்கி வைத்திருந்த இடத்தில் எல்லாம் மண்ணில் கறுப்பாக நீளநீளமான தடங்கள். மரத்தூள் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு நாய்கூட இல்லை. கூரைக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி அந்த மெஷின் நின்றது.

டிப்போக்காரர் சாக்கை உருவினார். வார்ப்பு இரும்பு மேஜை, நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்து வட்டமான பிளேடு பாதி வெளியே தெரிந்தது. கீழே மோட்டார், பெல்ட். என் கண்ணுக்கு முதலில் பட்டது அதெல்லாம் இல்லை. மேஜையின் முன்பக்கம் முழுக்க மஞ்சளும் குங்குமமும் ஏறியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்தது, துடைக்காமல் அதன் மேலேயே மறுபடி வைத்து, காய்ந்து, வெடித்து, மரப்பட்டை மாதிரி தடித்துப்போயிருந்தது.

"நல்லா கும்புட்டுருக்கீங்க," என்றார் அண்ணி.

"கும்புட்டாத்தானே," என்றார் டிப்போக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் குனிந்து பெல்ட்டைத் தொட்டார். பிளேடை விரலால் மெதுவாகத் திருப்பினார், பல் பல்லாக. "மேல மூடி எங்க?" என்று கேட்டார். பிளேடுக்கு மேல் ஒரு தகர மூடி இருக்க வேண்டுமாம்.

"அது வந்தப்பவே இல்ல சார். வேலைக்கு அது பேஜாரு."

"நான் ஒண்ணு செஞ்சுக்கறேன்."

மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். முதலில் ஒரு முனகல், பிறகு சத்தம் ஏறி ஏறி, காதுக்குள் ஊசி விட்ட மாதிரி ஒரே இழையாக நின்றது. ஒரு பலகையைத் தள்ளினார்கள். வெண்ணெயில் நூலை இழுத்த மாதிரி இரண்டாகிவிட்டது. சுவிட்சை அணைத்த பிறகு நான் கொஞ்சம் கிட்டே போனேன். என் வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட போகாத. இன்னும் சுத்துது. சத்தம் அடங்கினதும் நின்னுடுச்சுன்னு நெனச்சு எல்லாரும் கைய நீட்டுவானுங்க. எங்க செக்‌ஷன்ல பாதி விரல் அப்பிடித்தான் போச்சு."

பார்த்தேன். சத்தமே இல்லை. பல் எதுவும் தெரியவில்லை, ஒரு வெள்ளித் தட்டு சும்மா நிற்கிற மாதிரிதான் இருந்தது. அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆண்கள் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். டிப்போக்காரரின் மனைவி எங்களைப் பின்பக்கம் கூப்பிட்டு மோர் கொடுத்தாள். மெலிந்த பெண். நாங்கள் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு கூரைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். ஆயுத பூஜை ஹப்பத்துக்கு எல்லாரும் பூசணிக்காய ரோட்டுல ஒடைப்பாங்க இல்ல? இதுக்கு அப்பிடி வேணாம். இதுக்குப் பூசணிக்காய அந்த பிளேடுலயே காட்டணும். குங்குமம் போட்டு, ஓடறப்ப, பல்லு பட்டாப் போதும். செவப்பப் பாத்துச்சுன்னா அது அந்த வருஷம் அடங்கி இருக்கும். நாங்க விட்டதே இல்ல. ஒரே ஒரு வருஷம்தான்..."

"ஏய், ரசீது புக்கு எங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவள் கணவர் குரல் கொடுத்தார். அவள் எங்கள் டம்ளர்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். "கேட்டியாடி? ஒரு வருஷம் காட்டாம உட்டுருக்காங்க. என்னமோ ஆயிருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

மெஷினை ஏற்ற டெம்போ வந்தது. கூரைக்கு அடியில் கிடந்த உதிரிச் சாமான்களையும் டிரைவர் அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்து இறக்கியபோது அவற்றில் ஒரு விநோதமான கட்டையும் இருந்தது. முழங்கை நீளம். இரண்டு பக்கப் பலகைகள், அவற்றின் நடுவே அரைச் சந்திரன் மாதிரிக் குடைந்த குறுக்குக் கட்டைகள், ஒரு முனையில் கலப்பை பிடிக்கிற மாதிரி மேலே நீண்ட இரண்டு கைப்பிடிகள். அடிப்பலகையில் நீளவாட்டில் ஒரு பிளவு. எதற்கென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு அதிலேயே மூழ்கியிருந்தார். "எதாவது மூட்டை தாங்கற கட்டையா இருக்கும், அடுப்புக்குப் போடு," என்றார்.

எரிக்க மனசு வரவில்லை. நல்ல மரம். சமையலறை மூலையில் வைத்து அதன் மேல் செம்புக் குடத்தை வைத்துப் பார்த்தேன். அதற்காகவே செய்த மாதிரி குடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. சிந்துகிற தண்ணீர் பிளவு வழியாகக் கீழே போய்விடும், வசதியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். கட்டை நனைந்தால் அடியிலிருந்து தரைக்கு ஒரு சிவப்புக் கோடு இறங்கும். தேய்த்தால் போகும். மறுநாள் காலையில் மறுபடி இருக்கும்.

"சாயம் போற மரம்டி," என்றார் அண்ணி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விடிந்ததும் வெறும் வயிற்றோடு அந்தக் கோட்டைத் துடைக்கும்போது ஏனோ என் கண் கொட்டகைப் பக்கம் போகும்.

மோட்டார் பழசு என்பதால் காயிலைப் புதிதாகச் சுற்ற வேண்டியிருந்தது. கொட்டகைக்குத் தனியாக வயர் இழுத்து, அதற்கு ஒரு பீங்கான் ஃப்யூஸை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லாம் முடிவதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. ஆயுத பூஜையன்றுதான் மெஷின் முதன்முதலாக ஓட வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். பிளேடுக்கு மரத்தில் மூடி செய்ய வேண்டியது மட்டும் பாக்கி. "நாளைக்கு மெஷின் ஓடினா முதல் வேலை அதுதான்," என்றார் அவர்.

அத்திபெலேயில் கேட்டதை அண்ணி அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் கூடாதுக்கா," என்றார். "உருண்டையா இருக்கறத எதையும் இதுல விடக்கூடாது. உருளும். உருண்டா பல்லு கவ்வும். கவ்வினா எந்தப் பக்கம் இழுக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. வழக்கம் போல கேட்டுக்கு வெளிய ஒடைச்சிடலாம்."

"அவங்க வருஷா வருஷம் செஞ்சிருக்காங்கடா. ஒரு வருஷம் செய்யாம உட்டதுக்குத்தான் என்னமோ நடந்திருக்கு. சொல்றப்பவே அந்தப் பொண்ணு மூஞ்சி செத்துப்போச்சு. இவளக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் அப்படித்தான் ஆனது. அது உண்மை. "ஆமாங்க," என்றேன்.

அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

பூஜையன்று காலையில் தெருவெல்லாம் வாழைக்கன்றும் மாவிலையும். சைக்கிள், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அவருடைய பழைய கூட்டாளிகள் மூன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். மெஷினைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, நல்லா இருக்கு என்றார்கள். சாமந்திச் சரம் சுற்றிய மேஜையின் நடுவில் பிளேடு மட்டும் பூ இல்லாமல் மின்னியது.

நான் சமையலறையில் இருந்தேன். ஆட்கள் இருக்கிற இடத்துக்கு நான் போவதில்லை. பூசணிக்காயைக் கழுவித் துடைத்து எங்கே வைப்பது என்று பார்த்தேன், தரையில் வைத்தால் உருண்டது. குடத்தை விளக்கப் போட்டிருந்ததால் மூலையில் அந்தக் கட்டை காலியாக இருந்தது. அதில் வைத்தேன். வைத்ததும் அசையாமல் நின்றது. அண்ணி வந்து அதன் தலையைச் சீவிக் குடைந்து, குங்குமம் கரைத்து ஊற்றி, மூடி வைத்து, சுற்றிலும் பொட்டு வைத்தார். காயை அவர் தூக்கிக்கொண்டு போனபோது கட்டையின் குடைவில் ஈரமாகக் குங்குமம் ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பும், பழைய கறையின் சிவப்பும் ஒன்றாகவே இருந்தன. நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

கொட்டகையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"டேய் தம்பி, எனக்காக ஒரு தரம். பல்லு பட்டாப் போதும்."

"வேணாங்கறேன் இல்லக்கா."

"என்னா மேஸ்திரி," என்று ஒருவர் சிரித்தார். காபி டம்ளரை மூன்று விரலால் பிடிப்பவர் அவர். "இத்தினி வருஷம் ராட்சசன் மாதிரி மரமெல்லாம் அறுத்துட்டு, பூசணிக்காய்க்கு பயமா?"

"பத்து விரல் இருக்கறவனுக்குத்தாம்பா பயம் ஜாஸ்தி. நமக்கென்னா," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. "சரி, கொண்டா," என்று சொன்னது கேட்டது. பிறகு முனகல் ஆரம்பித்து, சத்தம் ஏறி, ஒரே இழையாக நின்றது.

நான் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டை ஆடாமல் இருக்க ஒரு கையால் அதன் கைப்பிடியைப் பிடித்தேன். மற்றொரு கையும் தானாக இன்னொரு கைப்பிடிக்குப் போனது. பிடித்துத் தள்ளினால் கட்டை தரையில் நேராக முன்னால் நகர்ந்தது. என் கைகள் இரண்டும் இந்த முனையில், காய் இருந்த குடைவு அந்த முனையில். நடுவில் அந்தப் பிளவு. அதன் வழியாகத் தரை தெரிந்தது. ஒரு பிளேடு போகிற அகலம்.

எழுந்து கதவுக்கு ஓடினேன். அவர் மெஷின் முன்னால் நின்றிருந்தார். பூசணிக்காயை வெறுங்கையால் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து மேஜை மேல் வைத்திருந்தார். ஈரக் காய், பச்சைத் தோல், உள்ளே தளும்புகிற குங்குமத் தண்ணீர். அது அவர் கைக்குள்ளேயே லேசாக ஆடியது. அவர் கண் காயில் இல்லை, பிளேடில் இருந்தது. அண்ணி கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார்.

"ஏங்க," என்று கத்தினேன். "வேணாங்க! கட்ட இங்க இருக்குது!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் யாருடைய குரலும் கேட்டிருக்காது. என் குரல் எந்தக் காலத்தில் கேட்டது. கொட்டகைக்கும் கதவுக்கும் நடுவில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஓடி அவர் தோளைத் தொட்டால் அதற்கே கை நழுவிவிடும். பக்கத்தில் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ். பிடித்து உருவினேன்.

சத்தம் இறங்கியது.

"அட, கரெண்ட் போச்சுப்பா," என்றார் ஒருவர். "நல்ல நேரம் பாத்துப் போச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் அடங்கினதும் கைய நீட்டுவானுங்க. அத்திபெலேயில் அவர் சொன்னது என் காதில் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் தளர்ந்தார்கள். அண்ணி கண்ணைத் திறந்தார். என் வீட்டுக்காரரும் நிமிர்ந்து, பேசினவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருடைய இடது கை காயை விட்டது. வலது கை மட்டும் அதன் மேல் சும்மா இருந்தது. பிளேடு வெள்ளித் தட்டாகச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் அதை நோக்கித் தானாக உருண்டது.

கர்ர் என்று ஒரு சத்தம். காய் துள்ளியது. அவர் மார்பில் மோதி, மேஜையில் விழுந்து, கீழே உருண்டு உடைந்தது. அவருடைய சட்டை, முகம், வலது கை எல்லாம் சிவப்பு. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அசையவில்லை. பிளேடு மெல்ல மெல்ல நின்றது, பல்லில் ஒரு துண்டுத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கினார். முழுக்கச் சிவப்பு, எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வேட்டி நுனியை எடுத்துக் கட்டை விரலைத் துடைத்தார். பிறகு அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது. சுண்டு விரல் வரை நானும் கூடவே எண்ணினேன், ஐந்தும் இருந்தன.

"காவு வாங்கிடுச்சு மேஸ்திரி," என்றார் மூன்று விரல்காரர். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "இனிமே அது உங்கள ஒண்ணும் செய்யாது."

பக்கத்து வீட்டில் கரெண்ட் போகாமல் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டார். நின்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முதலில் ஃப்யூஸ் இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என் முந்தானையைப் பார்த்தார். ஃப்யூஸ் அதற்குள்தான் இருந்தது. நாலு பேர் முன்னால் ஒன்றும் கேட்கவில்லை.

பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் போன பிறகு அவர் சமையலறைக்கு வந்தார். நான் கட்டையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். அவர் உட்கார்ந்து அதைப் புரட்டிப் பார்த்தார். விரலைப் பிளவுக்குள் விட்டு எடுத்தார், குங்குமம் ஒட்டியது. கொட்டகைக்கு எடுத்துப் போய் மேஜையில் வைத்து நகர்த்தினார். பிளவு பிளேடின் மேல் போய் அப்படியே உட்கார்ந்தது. கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைக்கும் பல்லுக்கும் நடுவில் அத்தனை தூரம்.

"இது வேற மரம்," என்றார்.

"எதுங்க?"

"இந்தக் கைப்பிடி. பாரு, ஆணி வேற. கட்டைய முன்னாடியே செஞ்சிருக்கானுங்க. ஓரத்தப் புடிச்சுத் தள்ளியிருக்கானுங்க. கைப்பிடி பின்னாடி வெச்சது."

ஏன் பின்னால் வைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டையின் வலது ஓரத்தில், கைப்பிடி இல்லாத காலத்தில் ஒரு கை பிடித்திருக்கக்கூடிய இடத்தில், ஒரு வாய் அளவுக்கு மரம் காணாமல் போயிருந்தது. அவர் தன் கையை அங்கே வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார்.

அந்தப் பெண் "ஒரே ஒரு வருஷம்தான்" என்று ஆரம்பித்தது, பூசணிக்காய் காட்டாமல் விட்ட வருஷத்தை இல்லை. இந்த ஓரத்தில் ஒரு கை மாட்டிய வருஷத்தைத்தான். நாங்கள் பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியை நாங்களாகவே போட்டுக்கொண்டோம். அண்ணியிடம் இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கையை நீட்டினார். "ஃப்யூஸக் குடு. மூடி செய்யணும்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது. அன்றிலிருந்து அந்த மெஷின் ஓடிய நேரமெல்லாம் நான் சமையலறைக் கதவிலேயே இருந்தேன். கீரை ஆய்ந்தேன், அரிசி புடைத்தேன், அங்கேயே உட்கார்ந்து பூ கட்டினேன். சத்தம் ஏறும்போது கை வேலையை விட்டுவிடும். மூடி போட்ட பிறகும் அப்படித்தான். அவர் நல்ல நல்ல சாமான்கள் செய்தார். தொட்டில், பூஜை மண்டபம், மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வீட்டார் கேட்ட ஊஞ்சல் பலகை. எது செய்தாலும் அது எத்தனை அழகு என்று எனக்குப் பார்க்கத் தோன்றியதில்லை. பூஜைக்குப் பூஜை பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியேதான் உடைத்தோம். கட்டையை மறுபடி குடத்துக்கு வைக்கவில்லை. கொட்டகையில் ஆணியில் தொங்கியது.

வருஷங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஃப்யூஸை உருவச் சொன்னார். உருவினேன். பிளேடு நிற்கும் வரை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து கைகளை எனக்குக் காட்டினார். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"போதும்," என்றார்.

மெஷினைப் பார்க்க ஓர் ஆள் வந்தார். மனைவியும் கூட வந்திருந்தாள், சின்னப் பெண். ஆண்கள் கொட்டகையில் நின்று பேசும்போது நான் அவளைச் சமையலறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைக் கழற்றக் கூடாது, அணைத்த பிறகும் சுற்றும், உருண்டையான எதையும் விடக்கூடாது, யாராவது பூசணிக்காய் காட்டச் சொன்னால் கேட்கக் கூடாது, அப்படியே செய்தாலும் இந்தக் கட்டை இல்லாமல் கூடாது. அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் காபியைக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். அத்திபெலேயில் நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

வெளியே மெஷினை டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கட்டை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். அத்தனை பேர் பார்க்க அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துக் கைப்பிடியில் வைத்தேன்.

"சொல்லுங்க தம்பி, இது எதுக்கு?"

அவர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை.

மறுபடி சொன்னேன். சத்தமாக. அவர் அதைத் திரும்பச் சொல்லும் வரை டெம்போவை விடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஆகட்டும் அம்மா, ஆகட்டும்," என்று கட்டையை வாங்கி மெஷின் மேல் போட்டார். கட்டவில்லை. டெம்போ திரும்பும்போது அது ஒரு பக்கமாகச் சரிந்தது. விழுந்ததா, உள்ளேயே இருந்ததா என்று பார்ப்பதற்குள் வண்டி மறைந்துவிட்டது. தெருமுனை வரை நடந்து போய்ப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றும் கிடக்கவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் இப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சோற்றை நான்தான் பிசைந்து கொடுக்கிறேன். பத்து விரலும் இருக்கின்றன. அந்தக் கொட்டகையில் துணி காயப்போடுகிறோம். ஆனாலும் ஆயுத பூஜை வந்து, யார் வீட்டிலோ காலையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தால், நான் எழுந்து போய் அந்த ஃப்யூஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், அது நிற்கும் வரை.